‘அட்வான்ஸ்’ யாருடைய பணம்?

கடந்த மார்ச் மாத இறுதியில், ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்துவந்த பெண்மணி, அடுத்த மாதத்திலிருந்து வர இயலாது என்று சொன்னார். எம்.ஆர்.சி. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை கிடைத்திருப்பதாகவும், மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாகவும் கூறினார். நானும் என் மனைவியும் மனமார வாழ்த்தினோம். விடைபெறும்போது அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

“செப்டம்பர்லயே அங்க ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க சார். உங்க அட்வான்ஸ் கழியட்டும்னுதான் இருந்தேன்.”

அதற்கு முந்தைய ஜூன் மாதத்தில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் 15,000 ரூபாய் ‘அட்வான்ஸ்’ கேட்டார். கொடுத்தோம். வட்டி கிடையாது, மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது. செப்டம்பர் மாதச் சம்பளத்தில் கழித்த பிறகு பாக்கி 9,000 ரூபாய். அந்தப் பாக்கிக்காக அவர் மேலும் ஆறு மாதங்கள் எங்கள் வீட்டில் தங்கினார். மாதம் 3,000 ரூபாய் வீதம் அவர் இழந்தது 18,000 ரூபாய். வட்டியில்லாமல் நான் கொடுத்த 15,000 ரூபாய், வாங்கியவருக்கு அசலைவிட அதிகமான செலவை வைத்துவிட்டது.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். கொத்தடிமை முறையைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒருவர் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார். அது என் கண்ணில் படவில்லை. காரணத்தை யோசித்தபோது, ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லே ஒரு திரையாக நின்றிருக்கிறது என்று தோன்றியது. அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

எல்லாவற்றுக்கும் ஒரு சொல்

தமிழர் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் இவ்வளவு வேலை செய்யும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. வீட்டுக்கு அட்வான்ஸ், கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ், மனைக்கு அட்வான்ஸ், சம்பளத்தில் அட்வான்ஸ், நடிகருக்கு அட்வான்ஸ் என்று பணம் கைமாறும் இடமெல்லாம் அது நிற்கிறது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் சொல்வது அட்வான்ஸ் வாழ்த்து. ரயிலுக்கு அட்வான்ஸ் புக்கிங். வயதுக்கு மீறிப் பேசும் சிறுவன் ‘ரொம்ப அட்வான்ஸ்’. ஐ.ஐ.டி.யில் சேர அட்வான்ஸ்டு தேர்வு. மருத்துவர் ‘அட்வான்ஸ்டு ஸ்டேஜ்’ என்று சொல்லிவிட்டால் மட்டும், முன்னேற்றத்தைக் குறித்த அதே சொல் நெஞ்சில் இடியாக இறங்குகிறது.

இச்சொல்லின் பிறப்பும் சுவையானது. லத்தீனில் ‘ஆன்டே’ என்றால் ‘முன்’. அதிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு ‘அவான்சே’ என்ற வினை வந்தது. அதில் ‘ட்’ ஒலி கிடையாது. இன்றைய பிரெஞ்சிலும் இல்லை. ஆங்கிலத்தார், முதலில் நிற்கும் ‘அ’ என்பதை ‘அட்’ என்ற வேறொரு லத்தீன் முன்னொட்டின் சிதைவு என்று தவறாகக் கருதி, 16-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஓர் எழுத்தைச் செருகினர். ‘அட்வான்ஸ்’ என்று நாம் அழுத்திச் சொல்லும் ‘ட்’ ஒரு பழைய பிழையின் நினைவுச்சின்னம். ‘சாதக நிலை’ என்று பொருள்படும் ‘அட்வான்டேஜ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து, இதே பிழையோடு வந்ததுதான். அட்வான்ஸ் கைமாறும்போது அட்வான்டேஜ் யார் பக்கம் போகிறது என்ற கேள்வி, இந்தச் சொற்களின் உறவிலேயே பொதிந்திருக்கிறது.

தமிழில் இவற்றுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. விலை பேசி முடித்ததை உறுதி செய்யக் கொடுக்கும் சிறு தொகை அச்சாரம். வடமொழியில் இதற்குச் ‘சத்தியங்காரம்’ என்று பெயர். வாக்கைச் சத்தியமாக்குவது என்பது அதன் பொருள். விலையில் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தால் முன்பணம். சேதம் ஏற்பட்டால் ஈடுகட்டிக்கொள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, பிறகு திரும்பப் பெறுவது பிணைத்தொகை. வேலை செய்து ஈட்டப்போகும் கூலியிலிருந்து முன்கூட்டி எடுத்துக்கொள்வது பற்று. ‘பற்று வரவு’ என்று கணக்கேட்டில் எழுதுகிறோமே, அந்தப் பற்று. இந்த நான்கிலும் பணத்தின் சொந்தக்காரர் வேறு, திருப்பித் தரும் கடமை வேறு, பேச்சு முறிந்தால் நேரும் விளைவும் வேறு. நான்கையும் விழுங்கிவிட்டு ‘அட்வான்ஸ்’ நிற்கிறது. சொல் ஒன்றானதால், அதன் பின்னுள்ள வேறுபாடுகள் பேசப்படாமல் போகின்றன. பேசப்படாத வேறுபாட்டின் பயன் எப்போதும் வலுவுள்ளவர் பக்கமே சாய்கிறது.

வாடகை வீட்டின் கணக்கு

முதலில் வாடகை வீடு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதங்கள் என்று இறங்கிய இடங்களும் உண்டு. இது முன்பணம் அன்று, வாடகையில் கழியாது. அச்சாரமும் அன்று, விலை எதுவும் இங்கே உறுதியாகவில்லை. இது பிணைத்தொகை. ஆனால் நடைமுறையில், குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு வட்டியின்றிக் கொடுக்கும் கடனாக இது மாறிவிடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். மாத வாடகை 30,000 ரூபாய் என்றால், பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம். அதை வங்கியில் 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய், மாதத்துக்கு 1,750 ரூபாய் கிடைத்திருக்கும். ஆகவே உண்மையான வாடகை 31,750 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்று கொண்டால், ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் அதே 3 லட்சத்தின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 2 லட்சத்து 35 ஆயிரமாகச் சுருங்கியிருக்கும். இதில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வது தனிக் கதை.

சட்டம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதை அனுமதிக்கவில்லை. கூடுதலாக வாங்கி வைத்திருந்த வீட்டுக்காரர், வாடகை பாக்கி என்று காரணம் காட்டி வெளியேற்ற முயன்ற ஒரு வழக்கில், கையில் இருக்கும் கூடுதல் தொகையைப் பாக்கிக்கு ஈடாகக் கொள்ள வேண்டும் என்ற நிலையை 1996-இல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். அது மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால், ‘இதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், மூன்று மாதம் என்ற வரம்பு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதம், பிற கட்டடங்களுக்கு ஆறு மாதம் என்று வரம்பிட்டது. நம் நகரத்து ‘வாடகைக்கு’ அறிவிப்புப் பலகைகளோ இந்த எண்களையெல்லாம் அறியாதவைபோலத் தொங்குகின்றன.

அச்சாரமா, முன்பணமா?

அடுத்து, வீடு வாங்குவது. பேசி முடித்து ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறோம். ‘டோக்கன் அட்வான்ஸ்’ என்கிறோம். பிறகு ஏதோ காரணத்தால் பேச்சு முறிகிறது. கொடுத்த பணம் திரும்புமா?

விடை, நாம் கொடுத்தது அச்சாரமா முன்பணமா என்பதைப் பொறுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்கு உறுதியாகக் கொடுத்த பணத்தை, வாங்குபவர் தவறினால் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த பணத்தை அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியாது. ஆவணத்தில் தொகைக்கு என்ன பெயர் எழுதப்பட்டது என்பதைவிட, எந்த நோக்கத்தோடு அது கொடுக்கப்பட்டது என்பதே முக்கியம். நம் முன்னோர் இரு சொற்களால் பிரித்துவைத்ததை, ஒரே சொல்லால் குழப்பிக்கொண்டு, பிறகு நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரித்துக்கொள்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு கவசம் தந்திருக்கிறது. எழுத்துபூர்வமான விற்பனை ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது அதன் 13-ஆம் பிரிவு. வீடு வாங்கும் பலர் இதை அறியாமலேயே காசோலையில் கையெழுத்திடுகிறார்கள்.

சட்டத்தின் முதல் சொல்

வாடகையிலும் விற்பனையிலும் பணத்தைக் கொடுப்பவர் எளியவர். கூலி உழைப்பில் பணத்தை வாங்குபவர் எளியவர். இச்சொல்லின் இருண்ட வரலாறு இங்கேதான் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் துணி வாங்கிய காலத்தில், வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போயிற்று. நூல் வாங்கவும், நெய்து முடிக்கும் வரை குடும்பம் சாப்பிடவும் அது உதவியது. தென்னிந்திய நெசவாளர் வரலாற்றை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறார். அக்காலத்து நெசவாளர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பணம் கொடுத்த வணிகருக்கு அந்த உரிமை இல்லை. துணிக்குக் கிராக்கி இருந்தது, நெய்பவருக்கு மதிப்பிருந்தது. கம்பெனி ஆட்சி வேரூன்றியபோது இந்தச் சமநிலை உடைந்தது.

1859-இல் ஆங்கில அரசு, வேலையாட்கள் ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டிக்கும் 13-ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொல்கத்தா, சென்னை, மும்பை ஆகிய மாநகரங்களில் அட்வான்ஸ் வாங்கிய கைவினைஞரும் கூலியாளும் வேலையை முடிக்காவிட்டால், மூன்று மாதம் வரை கடுங்காவல் தண்டனைக்கு அது வழி வைத்தது. பிற்காலத்தில் தோட்டப் பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பணம் கொடுக்கல் வாங்கல் உரிமையியல் வழக்கு; கூலியாள் வாங்கினால் மட்டும் அது குற்றவியல் வழக்கு. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1925-இல்தான் இதை நீக்கும் சட்டம் வந்தது.

கடல் கடந்த தமிழரும் இதிலிருந்து தப்பவில்லை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டக் கங்காணிகளிடம் தோட்டத் துரைமார் கொடுத்த பணத்துக்குக் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்றே பெயர். ஊர்க் கடனை அடைத்தது, வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவர் கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர் தர வேண்டிய தொகை ஒரு ‘துண்டு’ச் சீட்டில் எழுதப்படும், அந்தத் தொகையைச் செலுத்தும் தோட்டம் அவரைப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு மனிதரின் கடன் சீட்டு அவருடைய விலைச் சீட்டாகவே ஆகிவிட்டது. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியா, 1976-இல் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது; 1975 அக்டோபர் 25 முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொற்களுக்கு விளக்கம் தருகிறது. அங்கே முதலாவதாக விளக்கப்படும் சொல் ‘அட்வான்ஸ்’. கொத்தடிமை என்ற சொல்லுக்கே விளக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆங்கில அகர வரிசை தந்த தற்செயல்தான் இது. ஆயினும், கொத்தடிமைத்தனம் சங்கிலியில் தொடங்குவதில்லை, அட்வான்ஸில் தொடங்குகிறது என்பதை அந்தத் தற்செயல் சரியாகச் சொல்லிவிடுகிறது. பணமாகவோ பொருளாகவோ கொடுத்ததெல்லாம் அந்த விளக்கத்துக்குள் அடங்கும். கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் கடமையே அழிந்துபோகிறது என்றும் அச்சட்டம் அறிவித்தது.

1983 டிசம்பரில், ஹரியானாவின் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பி.என். பகவதி இன்னொரு படி மேலே சென்றார். ஒருவர் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டிருக்கிறார் என்று காட்டினால் போதும். அட்வான்ஸோ வேறு பொருளாதார ஆதாயமோ பெற்றதற்கு ஈடாகவே அவர் உழைக்கிறார் என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலை வாங்குபவரைச் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரசீது கேட்காத நீதி அது. இத்தனைக்குப் பிறகும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஒவ்வொரு செய்தியிலும் அட்வான்ஸ் என்ற சொல் தவறாமல் இருக்கும்.

யார் கையில் கயிறு?

பாடநூல் பொருளியல், கடன் கொடுத்தவர் கைதான் ஓங்கியிருக்கும் என்று சொல்லும். செங்கல் சூளையில் அது சரி. வாடகை வீட்டில் கடன் கொடுத்திருப்பவர் குடியிருப்பவர். ஆனால் ‘அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா’ என்று அஞ்சி நிற்பவரும் அவரே. திரையுலகில் நிலைமை வேறு. முன்னணி நடிகரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தயாரிப்பாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். 2024 ஜூலையில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், முன்பணம் பெற்ற படத்தை முடித்த பிறகே நடிகர்கள் அடுத்த படத்துக்குச் செல்ல வேண்டும் என்று தீர்மானம் போடும் அளவுக்கு அது முற்றிவிட்டது. அங்கே பணம் வாங்கியவரே வலுவானவர்.

ஆகவே, பணம் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்து வலு யாரிடம் என்று சொல்லிவிட முடியாது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஓர் அமைப்பு பிடிக்காதபோது மனிதருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்து குரல் எழுப்புவது. வெளியேறும் வழி யாருக்குத் திறந்திருக்கிறதோ அவர் வலுவானவர். நட்சத்திர நடிகருக்கு நூறு கதவுகள். சூளைத் தொழிலாளிக்கு ஒரே கதவு, அதன் முன்னே அட்வான்ஸ் என்னும் பூட்டு. வீட்டுக்காரர் வேறு குடித்தனத்தைத் தேடிக்கொள்வார். குடியிருப்பவரோ 3 லட்சத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. 18-ஆம் நூற்றாண்டு நெசவாளர் நிமிர்ந்து நின்றதற்கும், பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமையே காரணம்.

வங்கியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். நான் வாழும் இந்த வட்டாரமே வங்கித் தொழிலில் வேரூன்றிய ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியபோது, அதன் நிறுவனர்களிடையே ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்பத்தினர் இருந்தனர். வங்கியின் ஐந்தொகையில் நாம் போட்ட டெபாசிட் பொறுப்புப் பக்கத்தில் இருக்கும். வங்கி கொடுத்த அட்வான்ஸ் சொத்துப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் வட்டி எவ்வளவு, கெடு எது, தவறினால் என்ன என்பது எழுத்தில் இருக்கும். மாநில அரசுகளும் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியிடம் பெறும் குறுகிய காலக் கடனுக்கும் ‘வேஸ் அண்ட் மீன்ஸ் அட்வான்ஸ்’ என்றுதான் பெயர். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கிச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. அரசுக்கும் வங்கிக்கும் அட்வான்ஸ் என்றால் எழுத்து. எளியவருக்கும் வீட்டுக்காரருக்கும், எளியவருக்கும் முதலாளிக்கும் இடையில் அட்வான்ஸ் என்றால் வாய்ச்சொல்.

கட்டாத அட்வான்ஸ்

முன்பணம் என்றாலே தீது என்று நான் சொல்ல வரவில்லை. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும், ஐப்பசியில் தீபாவளியும், எந்த மாதத்திலும் மருத்துவச் செலவும் வரும் வீட்டில், அடுத்த மாத வருமானத்தை இந்த மாதத்துக்குக் கொண்டுவரும் வழி ஒன்று வேண்டும். அந்த வழி அடைபட்டால் திறந்திருப்பது கந்துவட்டிக்காரரின் வாசல்தான்.

கட்டிப்போடாத அட்வான்ஸுக்கு நல்ல எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. அது தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுக்கும் பண்டிகை முன்பணம். பணியில் இருந்த காலத்தில் தீபாவளிக்கு நானும் அதை வாங்கியிருக்கிறேன். 2025-இல் அது 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. வட்டி கிடையாது, பத்துத் தவணைகளில் பிடித்தம். என் வீட்டில் நான் கொடுத்த அட்வான்ஸுக்கும் வட்டியில்லை, பத்துத் தவணைதான். அரசு எனக்குக் கொடுத்ததை அப்படியே நான் இன்னொருவருக்குக் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.

ஆனால், இரண்டும் ஒன்றல்ல. பண்டிகை முன்பணத்துக்கு விதி இருந்தது, கணக்கு இருந்தது, எவ்வளவு பாக்கி என்று சம்பளப் பட்டியலில் அச்சிட்டு வந்தது. வேலையை விட்டுப் போக நேர்ந்தால், பாக்கியைக் கட்டிவிட்டுப் போகலாம். யாரிடமும் முகம் பார்த்து அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் வீட்டில் எழுத்து இல்லை. இடையில் விலகினால் என்ன செய்வது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொல்லாத அந்த இடத்தை, உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்ற அவருடைய நாணயம் நிரப்பியது. அந்த நாணயத்தின் விலை 18,000 ரூபாய்.

எனவே, அட்வான்ஸ் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். கணக்கு முடியும் வரை இது யாருடைய பணம்? எப்போது, எந்தப் பிடித்தத்தோடு இது திரும்பும்? நடுவில் விலக விரும்பினால், யார் எப்படி விலகலாம்? இந்த மூன்றுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொண்டால், வீட்டு வாடகையிலும் வீட்டு வேலையிலும் எழும் சச்சரவில் பெரும்பகுதி எழாமலே போகும். அரசு செய்யக்கூடியதும் உண்டு. வாடகைச் சட்டத்தின் மூன்று மாத வரம்பை விழுங்கும் அந்த நிபந்தனையை நீக்கலாம். வீட்டு வேலை செய்வோரின் முன்பணப் பாக்கியை, வேலையைத் தொடர்வதற்கான நிபந்தனையாக்கக் கூடாது என்று விதி செய்யலாம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வேறொரு பெண்மணி வேலைக்கு வருகிறார். இந்த ஜூனில் அவரும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் கேட்டார். கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினேன்: மாதம் 1,000 ரூபாய், வட்டி இல்லை, நாளைக்கே வேறு வேலைக்குப் போனாலும் தடையில்லை, பாக்கியை அதே தவணையில் அங்கிருந்தே தரலாம். அவர் சற்று நேரம் தாளையே பார்த்தார்.

“அப்ப இது கடனா சார்?” என்று கேட்டார்.

“கடன் மாதிரிதாம்மா” என்றேன்.

“கடன்னு எழுதாதீங்க சார். அட்வான்ஸ்னே இருக்கட்டும்.”

அவர் கேட்டதன் நியாயம் எனக்குப் புரிந்தது. கடன் என்றால் பிறர் பணம். அட்வான்ஸ் என்றால் நாளை தாம் உழைத்து ஈட்டப்போகும் சொந்தப் பணம். அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தாளின் மேலே ‘அட்வான்ஸ்’ என்றே எழுதிக் கொடுத்தேன். நாளைக்கே போகலாம் என்ற வரியை மட்டும் அடிக்கோடிட்டேன்.